நிழலுக்குத் தனிக் காசு

என் கணவர் முடிவெட்டப் போனால் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே காசைக் கொடுத்துவிடுவார். டாக்ஸியில் ஏறினால், போகவேண்டிய இடத்தைச் சொல்லி, உத்தேசமாக எவ்வளவு வரும் என்று கேட்டு, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஓட்டுநரின் கையில் வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். உணவகங்களில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பில் வரும். அவர் மட்டும் சாப்பாடு மேசைக்கு வருமுன்பே பரிமாறும் பெண்ணிடம் பணத்தை நீட்டுவார். அவள் குழம்பி, சிரித்து, பிறகு தாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவாள். அதன்பிறகு அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்காது.

கல்யாணமான புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. மன்னார்ப் பக்கத்து மனிதர்களின் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் யாழ்ப்பாணம். மொன்றியலுக்கு வந்த பிறகுதான் மாதா கோயிலில் வைத்து எங்களுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. நகரின் வில்லரேப் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியிருந்தோம். அவர் ஜான்-டலோன் சந்தையில் ஒரு பழக்கடையில் வேலை செய்தார். கடைக்குப் போனால் விலைச்சீட்டில் ஒரு தொகை இருக்கும். காசாளரிடம் போனதும் இரண்டு வரிகள் சேர்ந்து அது வேறொரு தொகையாகும். இந்த நாட்டில் எல்லோரும் பழகிப்போன விஷயம் அது. அவர் பழகவில்லை. எந்தப் பொருளைத் தொட்டாலும் முதலில் "முடிவாய் எவ்வளவு?" என்றுதான் கேட்பார். பதில் வரும்வரை அந்தப் பொருளைக் கையில் எடுக்க மாட்டார்.

வீட்டின் சின்ன அறையில் அவருடைய அண்ணனின் படம் ஒன்று இருந்தது. மெல்லிய மீசை, நெஞ்சில் முதல் பொத்தான் போடாத சட்டை. படத்துக்கு மாலையும் இல்லை, முன்னால் மெழுகுதிரியும் இல்லை. உயிரோடு இருக்கிறவர்களின் படங்களோடு அதுவும் மாட்டியிருந்தது. கடலில் காணாமற்போனவர் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வள்ளம் கவிழ்ந்திருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் வள்ளம் கவிழ்ந்த கதை இல்லாத வீடு மன்னாரில் குறைவு.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு பயண முகவர் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி போர்த்துக்கல்காரி. பனிக்காலம் பிறந்ததும் கடைக்குள் கூட்டம் நிறையும். வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது, பனிச்சப்பாத்துகளைத் தட்டிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் வெயிலைத்தான் கேட்பார்கள். அவர்களில் பலருக்கு உல்லாசக் கப்பல் ஆசை இருந்தது. மியாமிவரை விமானம், அங்கிருந்து கப்பலில் ஒரு வாரம், வழியில் நாலைந்து தீவுகள்.

கப்பல் விற்பனையில் இரண்டு விதம் உண்டு என்பதை முதலாளி எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தந்தாள். ஒரு விதத்தில், விளம்பரத்தில் போடும் கட்டணம் ஆளை மயக்கும் அளவுக்குக் குறைவாக இருக்கும். ஏறிய பிறகுதான் மிச்சம். துறைமுக வரி தனி, குடிக்கிற சோடா தனி, அறை சுத்தம் செய்கிறவருக்கும் மேசைப் பணியாளருக்கும் அன்பளிப்பு தனி, கரையில் இறங்கி ஊர் பார்க்கும் பஸ் தனி. அங்கே யாரும் காசு கேட்பதில்லை, பில் துண்டில் கையெழுத்துத்தான் கேட்பார்கள், அதனால்தான் மனிதர்களுக்குச் செலவு தெரிவதில்லை என்றாள். மற்ற விதத்தில் ஒரே தொகை. பிரெஞ்சுக்காரர்கள் அதைத் "தூ கொம்ப்ரி" என்பார்கள், எல்லாம் சேர்த்து என்று அர்த்தம். தொகையைக் கேட்டதும் முகம் சுருங்கும். ஆனால் ஏறிய பிறகு தொல்லை இல்லை. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து எதை முதலில் காட்டுவது என்று முடிவுசெய்யவேண்டும் என்பது அவளுடைய பாடம்.

இரண்டு மூன்று பனிக்காலம் இப்படி விற்ற பிறகு, ஒரு பெப்ரவரியில் முகவர்களுக்கான குறைந்த கட்டணத்தில் ஒரு கப்பலில் இடம் வந்தது. முதலாளி அதை எனக்குத் தந்தாள். விற்கிற பொருளை ஒருமுறையாவது பார்த்துவிட்டு வா என்றாள். எங்களுக்கு அப்போதுதான் குடியுரிமை கிடைத்திருந்தது. அமெரிக்காவுக்குள் விசா இல்லாமல் போகலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நாலு வயது மகளைப் பக்கத்து நகரமான லவாலில் இருந்த என் அக்கா வைத்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லாவற்றையும் ஒழுங்குசெய்துவிட்டு வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே குனிந்த தலையோடு சொன்னார்.

"எல்லாம் கரையிலயே குடுத்து முடிக்கவேணும். தண்ணிக்கு மேல போனாப்பிறகு ஒருத்தரும் என்னட்டக் கை நீட்டக் கூடாது. அப்பிடி எண்டாச் சொல்லும், வாறன்."

நான் முதலாளியிடம் சொன்னேன். அவள் காரணம் கேட்காமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்துத் தந்தாள். வரி, அன்பளிப்பு, குடிபானம், தீவுகளில் இறங்கும் செலவு எதுவும் விடுபடவில்லை. கப்பலில் ஏறியதும் எங்கள் பயண அட்டைகளில் ஒரு மஞ்சள் வட்டத்தை ஒட்டினார்கள். அந்த வட்டத்தைக் காட்டினால் யாரும் எதற்கும் கையெழுத்துக் கேட்கமாட்டார்கள்.

முதல் இரண்டு நாளும் அவர் கடலைப் பார்க்கவே இல்லை. மேல்தளத்துக்குக் கூப்பிட்டால் வந்தார். வந்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அறையைத் துப்புரவாக்க வரும் மனிதரிடம் ஏதாவது தரவேண்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு காலையிலும் கேட்டார். எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்ட வயதான கியூபெக் தம்பதி ஒவ்வொரு கிளாஸ் வைனுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு, இறங்கும்போது எவ்வளவு வருமோ என்று சிரித்துக்கொண்டே பயப்படுவார்கள். அந்தத் துண்டு மேசைக்கு வரும் நேரமெல்லாம் என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். அதை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் மறுபடி கரண்டியைத் தொடுவார். மூன்றாம் நாள், இனிப்புக் கொண்டுவந்த பணியாளர் எங்கள் அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எல்லாம் முடிந்தது ஐயா" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். அதன்பிறகு கொஞ்சம் கதைத்தார். எனக்கும் பயம் விட்டுப்போயிற்று.

அதற்கு அடுத்த நாள் கப்பல் ஒரு சின்னத் தீவுக்கு எதிரே நின்றது. பஹாமாஸ் பக்கத்தில் அந்தக் கம்பனி குத்தகைக்கு எடுத்து வைத்திருந்த இடம். விளம்பரப் படங்களைக் காட்டி நான் அதைப் பலமுறை விற்றிருக்கிறேன். வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீருமாக, ஊரோ வீடுகளோ எதுவும் இல்லாத இடம். பெரிய கப்பல் கிட்டப் போக முடியாதென்பதால் சின்னப் படகுகளில் ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். படகில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய கை என் கையைப் பிடித்திருந்தது. பொது இடத்தில் கையைப் பிடிக்கிற மனிதர் இல்லை அவர்.

கிட்டப் போனதும்தான் அந்த இடம் எவ்வளவு சிறியது என்று தெரிந்தது. கடலுக்கு நடுவே மேலெழும்பி நின்ற மணல். ஒரு பக்கத்தில் நாலைந்து தென்னையும், கப்பல்காரர் கட்டிய கொட்டகையும் இருந்தன. மற்றப் பக்கம் கால்முட்டியளவு பற்றைகள், அதற்கு அப்பால் வெறும் மணல். வெயில் தலையில் அடித்தது. கரையோரம் வரிசையாக நீலக் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் விரித்திருந்தார்கள். நான் ஒரு குடையின் கீழே துணிப்பையை வைத்தேன். உடனே ஒரு இளம் பெண் வந்தாள். சிரித்த முகம். இடுப்பில் காசுப் பை கட்டியிருந்தாள். நான் மஞ்சள் வட்டத்தைக் காட்டினேன். சாப்பாடும் படகும்தான் அதில் அடங்கும், குடையும் நாற்காலியும் வேறு ஆட்களுடையவை, அதற்குத் தனிக் காசு என்றாள்.

பெரிய தொகை ஒன்றுமில்லை. மொன்றியலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மத்தியானம் சாப்பிட ஆகும் காசு. நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. பிறகு தமிழில், அவளைப் பார்த்து, மிக மெதுவாகக் கேட்டார்.

"நிழலுக்கா?"

அவளுக்கு விளங்கவில்லை. அவர் கையிலிருந்த நோட்டுகளை எண்ணாமல் அவளிடம் கொடுத்தார். அது கேட்டதைவிட நிறையக் கூட. அவள் மிச்சத்தைக் கொடுக்க முயன்றாள், அவர் வாங்கவில்லை. என்னைக் குடைக்குக் கீழே உட்காரச் சொன்னார். தான் வரவில்லை. குடையின் நிழல் விழுந்த வட்டத்துக்கு வெளியே, சுடுகிற மணலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாருங்கள் என்று நான் எத்தனையோ தரம் கூப்பிட்டேன். நேரம் போகப் போக நிழல் நகர்ந்து அவர் பக்கம் வந்தது. அது காலைத் தொட்டதும் எழும்பித் தள்ளி உட்கார்ந்தார்.

அங்கே வைத்துத்தான் எனக்குச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

எண்பதுகளின் நடுவில், அவருக்கு இருபது வயதுகூட ஆகாத நேரம், அண்ணனும் தம்பியுமாக இராமேசுவரத்துக்கு வள்ளம் ஏறியிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று கரையிலேயே பேசி, கரையிலேயே கொடுத்தாயிற்று. விடிகிற நேரம், நடுக்கடலில், வள்ளத்தை ஓட்டிக்கொண்டு வந்தவன் இயந்திரத்தை நிறுத்தினான். நேவியின் விளக்குத் தெரிந்ததால் சுற்றி வந்திருக்கிறேன், எண்ணெய் கூடுதலாகச் செலவாகிவிட்டது, ஆளுக்கு இன்னும் தரவேண்டும் என்றான். பெண்கள் தோட்டைக் கழற்றினார்கள். ஒரு கிழவர் வெற்றிலைப் பெட்டியைக் கொடுத்தார். அண்ணனிடம் கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இது ஒரு ஆளுக்குத்தான் காணும் என்றான் அவன்.

மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே வரிசையாக மணல்திட்டுகள் இருக்கின்றன. எங்கள் ஆட்கள் தீடை என்பார்கள். அப்படியொரு தீடையோரம்தான் வள்ளம் நின்றது. கொடுக்க முடியாத ஆட்களை அதில் இறங்கச் சொன்னான். மத்தியானத்துக்குள் வேறு வள்ளம் வரும், ஏற்றும் என்றான். என் கணவர்தான் முதலில் எழும்பியிருக்கிறார். அண்ணன் அவருடைய தோளை அழுத்தி இருத்திவிட்டு, தான் இடுப்பளவு தண்ணீருக்குள் குதித்தார்.

"நீ போ, நான் பேந்து வாறன் எண்டு சொன்னவர்," என்றார் என் கணவர். "அவ்வளவுதான். கடைக்குப் போறவன் சொல்லுற மாதிரிச் சொன்னவர்."

இறங்கினவர்களை மறுநாள் அந்தப் பக்கத்து மீனவர்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் அண்ணன் இல்லை. வந்தவர்கள் சொன்னது இதுதான்: வெயில் ஏறியதும் ஆட்கள் வாடத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. தள்ளி இன்னொரு தீடையில் கறுப்பாகப் பற்றை மாதிரி ஏதோ தெரிந்தது. அங்கே நிழல் இருந்தால் கூட்டிப்போகலாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று அண்ணன் தண்ணீருக்குள் நடந்து போனார். போனதைக் கண்டார்கள். அங்கே ஏறினாரா என்று யாருக்கும் தெரியவில்லை. என் கணவர் மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்து வந்து, கரைக்கு வரும் ஒவ்வொரு வள்ளத்திலும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தபடி மாதக்கணக்கில் நின்றிருக்கிறார்.

எங்களைச் சுற்றி ஆட்கள் பந்து எறிந்து விளையாடினார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையில் இறைச்சி வாட்டும் மணம். அவருடைய பிடரி சட்டைக்கு மேலாகச் சிவந்து கிடந்தது.

பின்னேரம் கப்பல் ஊதியது. படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தன. குடைகளை மடித்தார்கள். கடைசிப் படகு என்று அறிவித்தபோது நான் எழும்பினேன். அவரும் எழும்பினார். ஆனால் படகுப் பக்கம் போகாமல், பற்றைகளைத் தாண்டி மறுகரைக்கு நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன். படகில் ஆட்களை எண்ணி ஏற்றிய பிலிப்பைன்ஸ்காரரும் கூப்பிட்டபடி பின்னால் வந்தார். கையில் அமுக்கி எண்ணும் சின்னக் கருவி. அதைக் காட்டி, இறங்கியவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள், உங்கள் இரண்டு பேரைத் தவிர, என்றார். என் கணவர் அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"கடலில எண்ணுறவன் காசு குடுத்த ஆக்களை மட்டும்தான் எண்ணுவான். ஒருக்கால் கடைசிமட்டும் போய்ப் பாத்திட்டு வாறன். மறிக்காதையும்."

அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இவருடைய அண்ணனை ஒரு மணல்திட்டில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று மட்டும் அந்த மனிதரிடம் சொன்னேன். அவர் என் கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியில் ஏதோ சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் நடந்தார்.

மூன்று பேரும் தீவின் கடைசிவரை போனோம். பற்றைகளை அவர் காலால் விலக்கிப் பார்த்தார். பிலிப்பைன்ஸ்காரரும் மறுபக்கத்தால் பார்த்துக்கொண்டே வந்தார், உண்மையாகவே ஒருவரைத் தேடுகிற மாதிரி. முனையில் மணல் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கிப்போயிற்று. அப்பால் ஒன்றுமில்லை. அங்கே என் கணவர் அண்ணனின் பெயரைச் சொல்லி ஒருதரம் கூப்பிட்டார். பெரிதாகக் கத்தவில்லை, பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடும் அளவுக்குத்தான். கூப்பிட்டுவிட்டு நின்றார். பதில் வந்துவிடுமோ என்று நான் பயந்தேன் என்பதை வெட்கமில்லாமல் சொல்லலாம்.

பிறகு துணிப்பையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மணலில் பாதிவரை புதைத்து நிறுத்தி வைத்தார். தீவில் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது கப்பல் விதி. பிலிப்பைன்ஸ்காரர் அதைக் கண்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். படகில் காத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்து முணுமுணுத்தார்கள். படகு புறப்பட்டபோது என் கணவர் கரைக்கு முகம் காட்டி உட்கார்ந்தார். கப்பலில் ஏறிய பிறகும் தீவு மறையும்வரை தளத்தைவிட்டு அசையவில்லை.

மியாமியில் இறங்கும் காலையில் அவர் கணக்குப் பார்க்கும் மேசைக்குப் போய், வேறு ஏதாவது தரவேண்டுமா என்று கேட்டார். இல்லை, நீங்கள் போகலாம் என்றாள் அங்கிருந்தவள். அவர் போகாமல் நின்றார். பின்னால் வரிசை நீண்டது. நான்தான் கையைப் பிடித்து அழைத்துவந்தேன்.

கடைக்குத் திரும்பியதும் முதலாளி பயணம் எப்படி என்று கேட்டாள். நல்லது என்றேன். சேர்த்த தொகைக்கு வெளியே ஏதாவது கேட்டார்களா என்று கேட்டாள். அது அவளுக்குத் தொழில் அக்கறை. குடை ஒன்று மட்டும் என்றேன். அடுத்த முறை அதையும் சேர்த்துவிடலாம் என்று குறித்துக்கொண்டாள்.

அந்த ஆண்டு நவம்பரில், இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கப் பெயர்களைத் தரச் சொல்லிக் கோயிலில் கேட்டார்கள். வழக்கமாக என் தகப்பனின் பெயரை மட்டும் கொடுப்போம். அந்தமுறை அவர் தன் அண்ணனின் பெயரையும் கொடுத்தார். என்னிடம் சொல்லவில்லை. சுவாமியார் வாசித்தபோதுதான் எனக்குத் தெரியும். அந்தப் பெயர் மற்றப் பெயர்களுக்கு நடுவே வந்து, போயிற்று. அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார்.

பூசை முடிந்து நடந்து வந்தோம். தெருவில் முதல் பனி ஈரமாகக் கிடந்தது. வீட்டுப் படிக்கட்டின் கீழே அவர் நின்றுவிட்டார்.

"பேரைக் குடுத்துப் பிழை செய்துபோட்டன்," என்றார். "இவ்வளவு நாளும் அண்ணை எங்க நிக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். கண்ணை மூடினா அந்த இடம் தெரியும். இனித் தெரியாது."

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் படியேறத் தொடங்கிவிட்டார்.

அடுத்த நவம்பரில் அவர் பெயர் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் கொடுத்ததில்லை. பல வருடம் கழித்து, பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள் என்று மகள் ஒருநாள் காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். உயிரோடு இருப்பவர்களுக்குப் பச்சை இலை, இறந்தவர்களுக்கு மண்ணிறம். அப்பாவுக்கு அண்ணன் தம்பி உண்டா என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் சமையலறையில் கைவேலையை நிறுத்தினேன்.

"ஓம், ஒரு பெரியப்பா இருக்கிறார்," என்றார் அவர்.

மகள் பச்சைப் பென்சிலை எடுத்தாள். எங்கே இருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது.